ஊர்ப்பேச்சை எண்ணுவோர் யார்?

(எங்கள் ஊர்த் தமிழ்மன்றத்தின் திங்கட்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

இலக்கணம் நடத்தும் தமிழாசிரியனுக்குக் கணிப்பொறி நிரலோடு என்ன உறவு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஈராண்டுக்கு முன்வரை எனக்கும் அவ்வெண்ணமே இருந்தது. எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி ஒருநாள் மாலை ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். அன்று தொடங்கியது இவ்வுறவு. அத்தாளில் என்ன இருந்தது என்பதைப் பின்னர்ச் சொல்வேன். அதனை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், இக்காலத்தில் ஊர்ப்பேச்சு எவ்வாறு எண்ணப்படுகின்றது என்பதை முதற்கண் அறிந்தாக வேண்டும்.

செய்தித்தாளைப் பிரித்தால், "நாடே இதைப் பற்றித்தான் பேசுகின்றது" என்று ஒரு தலைப்பு. தொலைக்காட்சியைத் திறந்தால், "சென்னையில் இன்று முதலிடம் பிடித்த சொல் இது" என்று ஓர் அறிவிப்பு. இளைஞர்கள் இதனை 'டிரெண்டிங்' என்பர். பலரும் ஒருசேரப் பேசத் தொடங்கிய பொருள் என்பதே அதன் கருத்து. நான் அதனை ஊர்ப்பேச்சு என்றே இங்கு வழங்குவேன். முன்னாளில் ஊர்ப்பேச்சை அறியச் சந்தைக்கும் திண்ணைக்கும் குளத்தங்கரைக்கும் சென்றோம். பேசுவோரின் முகத்தைக் கண்டோம். அவர் எவ்வூரார், எத்தகையர் என்பதையும் அறிந்திருந்தோம். இன்றோ ஊர்ப்பேச்சு ஒரு பட்டியலாக வந்து நிற்கின்றது. அப்பட்டியலை எழுதியவர் யார்? அவர் எண்ணியது எந்த ஊரை? எண்ணிய முறை யாது? இம்மூன்று வினாக்களையும் கேளாமல் பட்டியலை நம்புவது, எடைக்கல்லைப் பாராமல் பொருள் வாங்குவதை ஒக்கும்.

இடத்துக்கு ஓர் எண்

துவிட்டர் என்னும் குறுஞ்செய்தித் தளம் 2006ஆம் ஆண்டில் தோன்றியது. 2007ஆம் ஆண்டு ஆகசுட்டுத் திங்கள் 23ஆம் நாள் கிறிசு மெசினா என்பார், ஒரே பொருள் பற்றிய செய்திகளை ஒருங்கு சேர்க்கச் சொல்லுக்கு முன்னர் '#' என்னும் குறியை இடலாம் என்று அத்தளத்திலேயே எழுதினார். ஆசுடேக்கு என்று பலரும் சொல்லுவது இதுவே. ஒத்த செய்திகளைக் கொத்தாகச் சேர்ப்பதால் இதனைக் கொத்துக்குறி எனலாம். 2008இல் அத்தளம் ஊர்ப்பேச்சுப் பட்டியலை வெளியிடத் தொடங்கியது. முதலில் அது உலகம் முழுமைக்கும் ஒரே பட்டியலாக இருந்தது. 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் நாட்டுக்கு ஒன்றும் நகருக்கு ஒன்றுமாகப் பிரித்துக் காட்டும் முறை வந்தது. 2023 சூலையில் அத்தளம் எக்சு என்று பெயர் மாறியது.

இடத்தை எவ்வாறு குறிப்பது? பெயரால் குறிக்கலாமே என்பீர்கள். சேலம் என்று நாம் சொன்னால் நம் சேலம் நினைவுக்கு வரும். ஆனால் அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தலைநகரும், மாசச்சூசெட்சு மாநிலத்து நகரொன்றும் அப்பெயரோடு முன்வந்து நிற்கும். ஒரே ஊருக்கு இரண்டு பெயர் வழங்குவதும் உண்டு. சென்னை, மதராசு என்பன போல. எனவே பெயர் கணிப்பொறிக்கு உதவாது. யாகூ நிறுவனம் நிலவுலகத்து இடங்களுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுத்து ஒரு தொகுப்பை உருவாக்கியிருந்தது. துவிட்டர் அவ்வெண்களையே எடுத்துக்கொண்டது. யாகூ அத்தொகுப்புப் பணியைக் கைவிட்ட பின்னரும் அவ்வெண்கள் இங்கு நிலைத்துவிட்டன.

அவ்வெண்களுள் சிலவற்றைச் சொல்கின்றேன். உலகம் முழுமைக்கும் எண் 1. இந்தியாவுக்கு 23424848. சிங்கப்பூர் நாட்டுக்கு 23424948. பெங்களூருவுக்கு 2295420. சென்னைக்கு 2295424. சென்னையின் பேச்சு வேண்டுமென்று கேட்கும் நிரல் எதுவாயினும், அது சென்னை என்ற பெயரை அனுப்புவதில்லை. இவ்வேழு இலக்க எண்ணையே அனுப்புகின்றது.

நிரல் செய்யும் பணி

இனி, நிரல் வழியே பட்டியலைப் பெறுவது எப்படி என்பதைப் படிப்படியாகக் காண்போம். தளத்தின் பக்கத்தை மாந்தர் கண்ணால் பார்ப்பதற்கு ஒரு வாயில் உண்டு. நிரல்கள் உள்ளே சென்று செய்தி பெறுவதற்கு வேறொரு வாயில் உண்டு. அவ்வாயிலை ஏ.பி.ஐ. என்பர்.

முதற்படி திறவுச்சொல். நிரல் எழுதுவோர் தம்மைப் பதிவு செய்துகொண்டு, நீண்டதொரு மறைச்சொல்லைப் பெறவேண்டும். ஒவ்வொரு வேண்டுகோளோடும் அது செல்லும். அதனைப் பிறர் காணும் இடத்தில் எழுதி வைத்தல் ஆகாது. வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுதல் போன்றதாகும்.

இரண்டாம் படி இட எண். பழைய வாயிலில் இதற்கு இரு வழிகள் இருந்தன. பட்டியல் கிடைக்கும் இடங்கள் அனைத்தையும் எண்ணோடு தருமாறு கேட்கலாம். நானூற்றுக்கு மேற்பட்ட இடங்கள் வரும். அன்றி, அகலாங்கு நெட்டாங்குகளைக் கொடுத்து அருகிலுள்ள இடத்தைக் கேட்கலாம். வடக்கு 13.08, கிழக்கு 80.27 என்று கொடுத்தால் சென்னையின் எண் கிடைக்கும்.

மூன்றாம் படி வேண்டுகோள். பைத்தான் என்னும் நிரல்மொழியில் இதற்குப் பத்து வரிகள் போதும். இப்பணிக்கென்றே துவீப்பி என்னும் நிரற்றொகுதி ஒன்று உண்டு. 2021இல் அதன் நான்காம் பதிப்பு வந்தபோது, இடத்துப் பட்டியலைக் கேட்கும் கட்டளையின் பெயரே மாற்றப்பட்டது. பழைய பாடங்களைப் பார்த்து எழுதும் மாணவர் பலர் இங்கேதான் இடறி விழுகின்றனர். பிழை அவரிடத்து இல்லை, பாடம் பழையது.

நான்காம் படி விடையைப் படித்தல். விடை, பெயரும் அதற்குரிய பொருளுமாக அடுக்கிய உரைக்கோவையாக வரும். சேசன் என்பது அவ்வடிவத்தின் பெயர். பழைய வாயில் ஓரிடத்துக்கு ஐம்பது பேசுபொருள் வரை தந்தது. ஒவ்வொன்றுக்கும் பெயர், இணைப்பு, தேடற்சொல், கடந்த 24 மணி நேரத்துச் செய்தித் தொகை என்பன இருந்தன. இங்கே இரண்டு எச்சரிக்கை சொல்வேன். செய்தித் தொகை சிலவற்றுக்கு மட்டுமே கிடைத்தது. ஏனையவற்றுக்கு வெறுமை என்றே வந்தது. வெறுமையைச் சுழியாகக் கொண்டு கணக்கிட்டால் கணக்கே பொய்யாகிவிடும். தொகை தெரியவில்லை என்பது வேறு; ஒருவரும் பேசவில்லை என்பது வேறன்றோ? மற்றொன்று, தேடற்சொல் தமிழாயின் அது தமிழாகத் தோன்றாது. 'தமிழ்' என்னும் சொல் நாற்பத்தைந்து குறிகளாக நீண்டு நிற்கும். அதனைக் கண்டு மருளவேண்டா. மீட்டுத் தமிழாக்கும் கட்டளை பைத்தானிலேயே உண்டு.

ஐந்தாம் படி, பெற்றதை நாளும் நேரமும் குறித்துச் சேமித்தல். விடையில் வரும் நேரம் உலகப் பொதுநேரம். நம் நேரம் அதற்கு 5 மணி 30 மணித்துளி முந்தியது. அங்கே இரவு எட்டு மணி என்றிருந்தால், இங்கே மறுநாள் விடியுமுன் ஒன்றரை மணி. இதனை மறந்தால் வெள்ளிக்கிழமைப் பேச்சு வியாழக்கிழமைக் கணக்கில் ஏறிவிடும்.

பழைய வாயிலில் பதினைந்து மணித்துளிக்கு 75 முறை மட்டுமே கேட்கலாம் என்று வரம்பிட்டிருந்தனர். பட்டியலும் ஐந்து மணித்துளிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்பட்டது. அதற்குள் எத்தனை முறை கேட்டாலும் விடை ஒன்றே. 2023ஆம் ஆண்டில் விலையில்லா நுழைவு பெரிதும் சுருக்கப்பட்டுக் கட்டணமுறை வந்தது. இரண்டாம் பதிப்பு வாயிலிலும் அதே இட எண்ணைக் கொடுத்தே கேட்க வேண்டும். பேசுபொருளின் பெயரும் செய்தித் தொகையும் விடையாக வரும். ஏழை மாணவன் விளையாட்டாகக் கற்ற வழி இன்று பணம் கேட்கின்றது என்பதையும் நாம் மறத்தற்கில்லை.

பட்டியல் சொல்லாதவை

பட்டியலைப் பெற்றுவிட்டோம். அது முழுதும் மெய்தானா?

முதலாவது, இப்பட்டியல் மிகுதியாகப் பேசப்படுவதைக் காட்டுவதன்று; திடீரென்று மிகுந்ததைக் காட்டுவது. நாள்தோறும் பல்லாயிரவர் பேசும் பொருள் பட்டியலில் இடம்பெறாமற் போகலாம். நேற்று ஒருவரும் பேசாது இன்று காலை சில ஆயிரவர் பேசியது முதலிடம் பெறலாம். விலைவாசி ஏற்றமும் குடிநீர்த் தட்டுப்பாடும் நாளும் உள்ளவை. அதனாலேயே அவை பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. பட்டியலில் இல்லாதது மக்கள் மனத்திலும் இல்லை என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது, பழைய வாயில் தந்த இடப்பட்டியலில் இந்திய நகரங்கள் இருபதை ஒட்டியே இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது சென்னை ஒன்றே. மதுரையும் கோவையும் திருச்சியும் நெல்லையும் அதில் இல்லை. வைகைக்கரையில் என்ன பேசினாலும், தனிப்பட்டியல் கிடையாது. ஆகவே சென்னைப் பட்டியலைக் காட்டித் "தமிழ்நாடு பேசுகின்றது" என்று எழுதுவது பிழை. தமிழ்நாடு முழுமைக்கும் வேண்டுமாயின், கூகுள் நிறுவனத்தின் தேடற்போக்குப் பக்கத்தைப் பார்க்கலாம். அதில் மாநிலத்துக்கும் தனிக்குறி உண்டு, தமிழ்நாட்டுக்கு ஐ.என்.-டி.என். என்பது குறி. ஆனால் அது மக்கள் தேடியதைக் காட்டுவது, பேசியதைக் காட்டுவதன்று. அங்கே ஒரு சொல்லின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் 0 முதல் 100 வரையான எண்ணும் ஒப்பீட்டளவேயன்றித் தலைக்கணக்கன்று. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நலம். ஒன்றென மயங்குவது தீது.

மூன்றாவது, பொய்ப்பேச்சு. துருக்கி நாட்டில் நடந்ததைச் சுவிட்சர்லாந்தின் இலோசான் நகரத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டனர். பிறருடைய கணக்குகளைக் கைப்பற்றியும் போலிக் கணக்குகளைத் தொடங்கியும் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான செய்திகளை எழுதிவிடுவர். எழுதிய சற்று நேரத்தில் அத்தனையையும் அழித்துவிடுவர். எண்ணும் பொறி எழுதியதை எண்ணும்; அழித்ததைக் கழிக்காது. சொல் பட்டியலில் ஏறிவிடும். சான்று மட்டும் இராது. 1,08,000க்கு மேற்பட்ட கணக்குகள் வழியே ஏறத்தாழ 19,000 பொய்ப்பேச்சுகள் ஏற்றப்பட்டன என்றும், துருக்கியின் நாள்முறைப் பட்டியலில் முதல் ஐந்து இடங்களைப் பெற்றவற்றுள் 47 விழுக்காடேனும் இவ்வகையின என்றும் அவர்கள் கண்டனர். ஏறக்குறையச் சரிபாதி! இனி "முதலிடம்" என்ற சொல்லைக் கேட்டதும் நாம் வியப்போமா, ஐயுறுவோமா?

மாணவி கொண்டுவந்த தாள்

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம். அது ஒரு மழைக்காலம். எங்கள் பள்ளிக் கணினி மன்றத்து மாணவர், மழை பற்றித் தமிழில் எழுதப்பட்ட குறுஞ்செய்திகளைத் திரட்டி, எந்தக் கொத்துக்குறி எத்தனை முறை வந்தது என்று எண்ணப் பைத்தானில் நிரல் எழுதினர். ஊர்ப்பேச்சுப் பட்டியலைத் தாமே சிறு அளவில் செய்து பார்க்கும் முயற்சி அது. நிரல் பிழையின்றி ஓடியது. ஆனால் வந்த விடையில் முதலிடம் பெற்றது '#ச'. இரண்டாம் இடம் '#ம'. ஊரும் இல்லை, சொல்லும் இல்லை. ஒற்றை எழுத்துகளே வரிசையாக நின்றன. கண்காட்சிக்கு முன்னர் அதனைப் பார்த்த கணினி வல்லுநர் ஒருவர், "தமிழ் இதற்கெல்லாம் ஒத்துவராது, ஆங்கிலத்தை மட்டும் எண்ணுங்கள்" என்று சொல்லிப் போய்விட்டாராம். அப்பெண் தாளை என் முன் வைத்துக் கேட்டாள்: "ஐயா, நம் எழுத்திலேதான் குறையா?"

அன்பர்களே! முப்பதாண்டு ஆசிரியப் பணியில் என்னை இவ்வாறு சுட்ட வினா வேறில்லை. அன்றிரவே அவளையும் அவள் தந்தையாரையும் உடன் வைத்துக்கொண்டு, நிரலை வரி வரியாகப் படித்தோம்.

குறை எங்கே இருந்தது? நம் இலக்கணம் 'க்' என்னும் மெய்யை முதலாக வைத்து, அதன்மேல் அகர உயிர் ஏற, 'க' பிறக்கும் என்கின்றது. கணிப்பொறிகள் பயன்படுத்தும் ஒருங்குறி முறையோ 'க' என்னும் அகரமேறிய எழுத்தை முதலாக வைக்கின்றது. அதனோடு புள்ளியைத் தனிக்குறியாக ஒட்டினால் 'க்'. காலையோ கொம்பையோ ஒட்டினால் ஏனைய உயிர்மெய். ஆகவே 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து. பொறிக்கு ஐந்து குறி. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என அவை நிற்கும்.

மாணவர் நிரலில், '#' குறியை அடுத்துச் சொல்லுக்குரிய எழுத்துகள் உள்ள வரையில் எடு என்று ஒரு கட்டளை இருந்தது. பைத்தானோடு வரும் தேடற்றொகுதி, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லுக்குரிய எழுத்தாகக் கொள்வதில்லை. கொம்பைக் கண்டதும் சொல் முடிந்தது என்று நின்றுவிடும். சென்னை என்று எழுதினால் 'ச' வரை எடுத்து நிற்கும். சேலமும் 'ச', சிவகங்கையும் 'ச'. மூன்று ஊரும் ஒன்றாகி முதலிடம் பெற்றதன் மருமம் இதுவே! மழை என்பது 'மழ' என்றாயிற்று. மின்சாரமும் மேட்டூரும் 'ம' என்றாயின. 'தமிழ்' என்ற சொல்லே 'தம' என்றும் 'ழ' என்றும் இரண்டாகப் பிளந்தது.

குறை தமிழில் இல்லை; தமிழை எழுத்தென்று அறியாத கட்டளையில் இருந்தது. மெய் புள்ளி பெறும் என்பதைத் தொல்காப்பியம் விதித்திருக்கின்றது. அப்புள்ளியை எழுத்தின் உறுப்பாகக் கொள்ளாத நிரலை நம் எழுத்தின் குறையாகச் சொல்வது, அளவுகோல் முறிந்திருக்கத் துணி குட்டை என்பது போன்றது.

திருத்தமும் அரிதன்று. ஒருங்குறியில் தமிழுக்கென ஒதுக்கிய 128 இடங்களையும் ஒரே வரிசையாகக் குறித்து, "இவ்வரிசையில் உள்ளவை எல்லாம் சொல்லுக்குரியவை" என்று கட்டளையில் சேர்த்தாலே போதும். அன்றி, குறிகளையும் எழுத்தாகக் கொள்ளும் 'ரெசெக்சு' என்னும் தனித் தொகுதியைத் தருவித்துக்கொள்ளலாம். மறுநாள் அப்பெண் ஒரே ஒரு வரியை மாற்றினாள். சென்னை சென்னையாக நின்றது; சேலம் சேலமாக நின்றது. அவள் முகத்தில் அன்று கண்ட ஒளியை நான் சொல்லில் வடிக்க இயலாது.

இது பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டுத்தானே என்று எளிதாக எண்ணிவிடாதீர்கள். 2015 திசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, படகு வேண்டினோரும் உணவு வேண்டினோரும் தங்க இடம் தருவோரும் கொத்துக்குறிகள் வழியாகவே ஒருவரையொருவர் கண்டனர். தன்னார்வலர் அச்செய்திகளைத் திரட்டி உதவி சென்று சேர வழிசெய்தனர். அவற்றுள் பெயர்பெற்ற குறிகள் ஆங்கில எழுத்தில் அமைந்தவை. இனியொரு வெள்ளம் வருமாயின், தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர், மாடியில் நின்றபடி தமிழிலே உதவி கேட்டு எழுதக்கூடும். திரட்டும் நிரல் அவர் ஊர்ப்பெயரை ஒற்றை எழுத்தாக வெட்டி எறிந்தால், படகு எங்கே போகும்? பிழையான ஒரு வரி அன்றைக்கு ஓர் உயிராகிவிடும்.

நாம் செய்யத்தக்கவை

இறுதியாக மூன்று வேண்டுகோள் விடுத்து அமைகின்றேன்.

ஒன்று, ஊர்ப்பேச்சுப் பட்டியலை மேற்கோள் காட்டும் எவரும், எந்த இட எண்ணுக்குரிய பட்டியல், எந்த நாள், எந்த நேரம் என்பவற்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அவை இல்லாத பட்டியல் கையொப்பமில்லாத ஓலை.

இரண்டு, தமிழைக் கையாளும் நிரல் எழுதும் ஒவ்வொரு மாணவரும், பணியைத் தொடங்குமுன் 'தமிழ்', 'சென்னை', 'மழை' என்னும் மூன்று சொற்களைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். மூன்றும் முழுதாகத் திரும்பி வந்தால் மேலே செல்லுங்கள். ஒன்று உடைந்து வந்தாலும் நின்று திருத்துங்கள்.

மூன்று, தமிழாசிரியரும் கணினியாசிரியரும் ஒரே மேசையில் அமர வேண்டும். எழுத்திலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியது என்று எண்ணிய காலம் போயிற்று. உயிரும் மெய்யும் புணரும் முறையை அறிந்த ஆசிரியர் அருகிருந்தால், மாணவி ஒருத்தி தன் எழுத்தையே ஐயுறும் நிலை வாராது.

அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கின்றேன். அதன் ஒரு பக்கத்தில் '#ச' முதலிடத்தில் நிற்கின்றது. மறுபக்கத்தில், அவள் கையாலேயே எழுதிய திருத்திய வரி இருக்கின்றது. கூட்டம் முடிந்ததும் பார்க்க விரும்புவோர் வந்து பார்க்கலாம். அவ்வரியைப் படியெடுத்துக்கொள்ளவும் செய்யலாம்.